ராஜ்தூத் 350-க்கு எலக்ட்ரானிக் கட்-அவுட்: முதலில் பிரவுன் ஒயரைப் பாருங்கள்

பேட்டரி மேல் பேட்டரியாகக் காவு கொடுத்து முடித்து, இப்போதுதான் என் வண்டி 14.4 வோல்ட்டில் நிற்கிறது. கட்-அவுட்டை, அதாவது சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை, மாற்றும் வேலைக்கு ஒரு சாயங்காலம் போதும். மிச்ச நாளெல்லாம் தப்பான பொருளைத் தலையில் கட்டப் பார்த்தவர்களிடமும், நாற்பது வருஷத்து ஒயரிங் கிட்டிடமும் போனது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு என் செலவில் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகட்டும்.

எஸ்கார்ட்ஸ் 1983-ல் இறக்கிய ராஜ்தூத் 350-ஐ, அதாவது யமஹா ஆர்.டி. 350-இன் இந்திய அவதாரத்தை, வைத்திருப்பவர்களுக்கு இதன் சார்ஜிங் வழக்கம் தெரிந்திருக்கும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது. சுழலும் ஆர்மேச்சரில் ஒரு ஃபீல்டு காயில். கார்பன் பிரஷ் வழியாக பேட்டரி கரன்ட் அதற்குள் போனால்தான் அது காந்தமாகும், அப்புறம்தான் மூன்று வெள்ளை ஒயரிலும் ஏ.சி. கரன்ட் வரும். அதை பேட்டரிக்கேற்ற டி.சி.யாக மாற்றுவது ரெக்டிஃபையர். அந்த ஃபீல்டுக்கு எவ்வளவு விடலாம் என்று முடிவு செய்வது கட்-அவுட். பிரவுன் ஒயரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து, பச்சை ஒயரில் அதற்கேற்ப விடும். பழைய கட்-அவுட்டில் இந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன இரும்புத் தகடும் இரண்டு ஜோடி காண்டாக்ட்டும். மெதுவாக ஓடும்போது நேரே விடும், வேகம் கூடினால் ரெசிஸ்டர் வழியாக விடும், இன்னும் கூடினால் ஃபீல்டை எர்த்தில் சேர்த்து அணைத்துவிடும்.

காண்டாக்ட் கருகிய பிறகு இந்தக் கணக்கெல்லாம் போச்சு. சிக்னலில் நின்றால் லைட் மங்கும், முறுக்கினால் பல்பு போகும். தண்ணீர் ஊற்றும் பேட்டரியாவது பரவாயில்லை, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஊற்றிக் காலத்தை ஓட்டலாம். ஆனால் ஓவர்ஃபுளோ டியூப் வழியாக ஆசிட் வழிந்து புதுசாக அடித்த சைடு பேனலைத் தின்றதும் சீல்டு பேட்டரிக்கு மாறினேன். அது 15 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து தாங்காது. உள்ளே இருக்கிற ஈரம் வாயுவாகிப் போய்விட்டால் திரும்ப ஊற்ற வழியும் இல்லை. அதனால்தான் எலக்ட்ரானிக் கட்-அவுட் தேடக் கிளம்பினேன்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடை. பழைய கட்-அவுட்டைக் கையிலேயே கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. விசிறி மாதிரி செதுக்கிய அலுமினியக் கட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

“இது எல்லா பைக்குக்கும் செட் ஆவும் சார். ரெக்டிஃபையரும் உள்ளயே இருக்கு.”

“இதுல ஃபீல்டு ஒயர் எங்கண்ணே?”

“அது தேவையில்ல சார். இப்ப வர்ற வண்டியில எதுலயும் கிடையாது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் நிரந்தரக் காந்தம்தான். அதிலே கரன்ட் கூடினால், கட்-அவுட் வெள்ளை அல்லது மஞ்சள் ஒயர்களை ஒன்றோடொன்று ஷார்ட் செய்து உபரியைச் சூடாக்கிக் கழித்துவிடும். நம் வண்டியில் அதை மாட்டினால் ஃபீல்டுக்குக் கரன்ட் கொடுக்க ஆளில்லை, சார்ஜே வராது. இதைச் சொன்னபோது கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன் தீர்வு சொன்னார்: “ஃபீல்டுக்கு டைரக்டா பன்னெண்டு வோல்ட் கொடுத்துடலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை.” கொடுக்கலாம். அப்புறம் ஆல்டர்னேட்டர் எந்நேரமும் முழுப் பலத்தில் ஓடும். அந்த அலுமினியக் கட்டி அத்தனையையும் ஷார்ட் செய்துகொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டரின் சுழலாத காயிலான ஸ்டேட்டர் ஒரு நாள் புகையும். யார் சொன்னாலும் இதை மட்டும் செய்துவிடாதீர்கள். இந்த வண்டியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு ‘டைரக்ட்’ பண்ணுகிற யோசனையும் அப்படித்தான். பேட்டரி செத்தால் ஃபீல்டு காந்தமாகாது, ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயிலுக்கும் கரன்ட் இல்லை. தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது, வேர்த்துக் கொட்டுவதுதான் மிச்சம்.

அடுத்து புதுப்பேட்டையில் கார் ரெகுலேட்டர் ஒன்று அகப்பட்டது. இதில் ஃபீல்டு ஒயர் உண்டு, விலையும் மலிவு. ஆனாலும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஃபீல்டு காயிலைக் கட்டுப்படுத்த இரண்டு வழி உண்டு: பாசிட்டிவ் பக்கம் திறந்து மூடுவது ஒன்று, எர்த் பக்கம் திறந்து மூடுவது இன்னொன்று. நம் வண்டி முதல் ரகம், ஒரு பிரஷ் எப்போதும் எர்த்தில் இருக்கும். லூகாஸ் 4டி.ஆர். போன்ற பழைய கார் ரெகுலேட்டர்கள் இரண்டாம் ரகம். அதைத்தான் போடுவேன் என்றால் எர்த் போகும் பிரஷ்ஷைத் தனியாகப் பிரித்து ஒயர் இழுக்க வேண்டும். செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பின்னால் ஒரு நாள் வேறு மெக்கானிக் திறந்து பார்த்து, பழையபடி எர்த்தில் முடிந்துவிட்டால் கதை முடிந்தது. கடையில் கேட்கும்போது ‘ஃபீல்டு இருக்கா’ என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பக்கத்தை வெட்டுகிறது என்று கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

கடைசியில் இந்த வகை ஆல்டர்னேட்டருக்கென்றே கையால் செய்து தரும் ஒருவரிடம் கூரியரில் வாங்கினேன். ரெக்டிஃபையரும் கட்-அவுட்டும் ஒரே பெட்டியில்; மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு, பிரவுன், பச்சை, கறுப்பு. நிறத்துக்கு நிறம் சேர்த்தால் போதும்.

மாட்டுவதற்கு முன்னால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது அவசியம், இல்லையென்றால் புது கட்-அவுட் மேல் பழி விழும். இடது பக்க மூடியைக் கழற்றி, சாவி போட்டு, ஸ்க்ரூடிரைவரை ஆர்மேச்சர் நடுவே கொண்டு போனேன், பச்சக்கென்று ஒட்டியது. அப்படி ஒட்டினால் பிரஷ், காயில், ஒயர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங் இரண்டுக்கும் நடுவே மீட்டர் 4.8 ஓம் காட்டியது. ரிங்கிலிருந்து ஷாஃப்ட்டுக்கு எதுவும் காட்டவில்லை, காட்டவும் கூடாது. பிரஷ் தேய்ந்திருந்ததால் புதுசு போட்டு, ரிங்கை நைஸ் எமரியால் துடைத்தேன். சாவி போட்டு வைத்து இதையெல்லாம் சோதிக்கும்போது இக்னிஷன் காயிலின் கரன்ட்டைத் திறந்து மூடும் சி.பி. பாயிண்ட் இரண்டிலும், காண்டாக்ட்டுகளுக்கு நடுவே ஆளுக்கொரு விசிட்டிங் கார்டைச் செருகிவிடுங்கள். மூடிய பாயிண்ட் வழியாகக் கரன்ட் ஓடிக்கொண்டே இருந்தால் இக்னிஷன் காயில் வெந்துவிடும்.

மாட்டினேன், முதல் உதையிலேயே ஸ்டார்ட். 3000 ஆர்.பி.எம்.மில் வைத்து பேட்டரியில் மீட்டரை வைத்தால் 15.1. இதற்கா இவ்வளவு அலைச்சல்? பழைய கட்-அவுட் கூட சில நாள் இதைவிட ஒழுங்காக இருந்ததே!

வழக்கமாகச் சொல்கிற முதல் மருந்து எர்த். என் சேசிஸ் புதுசாக பவுடர் கோட்டிங் செய்தது. பார்க்க அழகு, ஆனால் கரன்ட் போக விடாது. கட்-அவுட்டின் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.3 வோல்ட் வித்தியாசம் இருந்தது. தடிமனான கறுப்பு ஒயர் ஒன்றை நேராக பேட்டரி நெகட்டிவுக்கு இழுத்தேன். வித்தியாசம் போயிற்று. பேட்டரியில் இப்போது 15.4! எர்த்தைச் சரி செய்தால் வோல்டேஜ் குறையும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் போல இருந்தது.

செய்து தந்தவருக்கு ‘பெட்டி ஃபால்ட், திருப்பி அனுப்புகிறேன்’ என்று மெசேஜ் போட்டேன். மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. ஒரே ஒரு கேள்வி வந்தது: “எங்க வச்சு அளந்தீங்க?”

மீட்டரை எடுத்துப் போய், கட்-அவுட்டுக்குள் நுழையும் பிரவுன் ஒயரில் வைத்தேன். 14.3, ஆடாமல் அசையாமல் நின்றது. பெட்டி தன் வேலையை மிகச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. பேட்டரி எப்படி இருக்கிறதென்று அது பார்ப்பதில்லை, பிரவுன் ஒயர் சொல்வதைத்தான் நம்புகிறது. அந்த ஒயரோ பேட்டரியிலிருந்து கிளம்பி, ஃபியூஸ் பெட்டி வழியாக, இக்னிஷன் சுவிட்ச் வரை போய், திரும்ப சீட்டுக்கடியில் வருவதற்குள் 1.1 வோல்ட்டைத் தொலைத்திருந்தது. ‘பேட்டரி இறங்கியிருக்கிறது, இன்னும் போடு’ என்று கட்-அவுட்டுக்குப் பொய்க்கணக்கு போய்க்கொண்டிருந்தது. எர்த்தில் இருந்த 0.3 எதிர்த்திசையில் இழுத்து அந்தப் பொய்யைக் கொஞ்சம் மூடி வைத்திருந்ததும் அப்போதுதான் புரிந்தது. சார்ஜிங் கரன்ட் எர்த் வழியாகப் பெட்டிக்குத் திரும்பும்போது, பெட்டியின் பாடி பேட்டரி நெகட்டிவைவிட அந்த அளவுக்குக் கீழே இறங்கி நிற்கும். அதனால் பெட்டிக்கு 0.3 கூடுதலாகத் தெரிந்தது. எர்த்தைச் சரி செய்ததும் அந்தத் திரையும் போனது.

பழைய கட்-அவுட்டில் ஏன் சில நாள் ஒழுங்காக இருந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. அதில் வோல்டேஜ் வைக்க ஒரு ஸ்க்ரூ உண்டு. எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்த யாரோ, ஒயரைப் பார்க்காமல் அந்த ஸ்க்ரூவைத் திருகித் திருகிச் சமாளித்திருக்கிறார்கள். சீல் வைத்திருந்த பெயின்ட் பெயர்ந்து கிடந்தது. எலக்ட்ரானிக்கில் திருக ஸ்க்ரூ இல்லை, ஒயரைத்தான் திருத்தியாக வேண்டும்.

எந்த இடத்தில் எவ்வளவு போகிறது என்று பார்ப்பது சுலபம். சாவியும் ஹெட்லைட்டும் போட்டு, மீட்டரின் சிவப்பை பேட்டரி பாசிட்டிவில் வைத்துவிடுங்கள். கறுப்பை ஒயர் போகும் வழியில் ஒவ்வொரு முனையிலும் தொட்டுக்கொண்டே போங்கள். எங்கே எண் தாவுகிறதோ அங்கே திருடன். என் வண்டியில் இக்னிஷன் சுவிட்ச் 0.6, கண்ணாடி ஃபியூஸைப் பிடிக்கும் கிளிப் 0.3, பச்சை பூத்த கனெக்டர்கள் சேர்ந்து 0.2. ஒன்றும் அறுந்து போகவில்லை, ஒன்றும் ஷார்ட் இல்லை. அதனால்தான் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த எலக்ட்ரீஷியன் எல்லோரும் ‘ஒயரிங் நல்லாருக்கு சார்’ என்று சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். ஒரு வோல்ட் குறைந்தாலும் டெஸ்ட் லேம்ப் பிரகாசமாகத்தான் எரியும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே இதற்குப் போதும்.

கனெக்டர்களை மாற்றி, ஃபியூஸை பிளேடு டைப்புக்கு மாற்றினேன். சுவிட்ச்தான் சிக்கல். ஒரிஜினல் கிடைப்பது குதிரைக்கொம்பு, டூப்ளிகேட்டைப் போட்டால் ஒரே மழைக்காலத்தில் பழைய கதைதான். அதனால் ரிலே போட்டேன், அதாவது சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்; கார் ஹாரனுக்குப் போடும் நாலு கால் ரிலே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வைத்து 30-ஆம் காலுக்கு. 87-ஆம் காலிலிருந்து கட்-அவுட்டின் பிரவுனுக்கும் இக்னிஷன் காயில்களுக்கும். சுவிட்சிலிருந்து வரும் பழைய பிரவுன் இப்போது 86-க்கு வந்து ரிலேயை எழுப்புகிற வேலையை மட்டும் செய்கிறது. 85 எர்த். அவ்வளவுதான். பேட்டரியில் 14.4, கட்-அவுட்டில் 14.3. ஹெட்லைட் போட்டாலும் பிரேக் மிதித்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை.

எதிர்பாராத லாபம் ஒன்றும் வந்தது. காயிலுக்கும் அந்த ஒரு வோல்ட் திரும்பக் கிடைத்ததால், கார்புரேட்டரில் கை வைக்காமலே ஐடிலிங் ஆடாமல் சீராகிவிட்டது. இடது சிலிண்டர் அவ்வப்போது விட்டு விட்டு அடித்ததற்கு எத்தனை ஜெட்டைக் கழற்றிக் கழுவியிருப்பேன்!

மாட்டுகிற இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கட்-அவுட் சூடாகும், காற்றுப் படுகிற இடத்தில் உலோகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். சீட்டுக்கடியில் ரப்பரில் சுற்றிச் செருகி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் ‘சார்ஜ் ஆவுதா பாக்கலாம்’ என்று சோதிக்கிற பழைய பழக்கத்தையும் மறந்துவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் எலக்ட்ரானிக் பெட்டியைக் கொன்றுவிடும். மெக்கானிக்கிடம் வண்டி விடும்போது இதை வாயால் சொல்லியே விடுங்கள்.

ரிலே போட்டவர்கள் டேங்க் பையில் இன்னொரு ரிலேயும் ஒரு சாண் ஒயரும் வைத்துக்கொள்ளுங்கள். ரிலே செத்தால் கட்-அவுட்டோடு காயிலும் சேர்ந்து படுத்துவிடும், வண்டி நடுரோட்டில் நிற்கும். சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் அந்த ஒயரால் இணைத்து வீடு வந்து சேரலாம். ஆனால் அப்போது சாவியால் வண்டியை அணைக்க முடியாது. கியரில் போட்டு கிளச்சை விட்டு அணைத்த கையோடு ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபீல்டு காயில் மட்டுமே இரண்டரை ஆம்பியர் இழுக்கும். 5.5 ஆம்பியர்-அவர் பேட்டரி நீங்கள் சாப்பிட்டு எழுந்து வருவதற்குள் கவிழ்ந்துவிடும்.