பொன்வண்டுச் சிறகு தைத்த உடை: எலன் டெரியைத் தேடி இரண்டு நாள்

ஆங்கில நாடக நடிகை எலன் டெரியின் அஸ்தி லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது என்று படித்துவிட்டுப் பலரும் குவிமாடம் வைத்த பெரிய கதீட்ரலுக்குப் போய் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அது இல்லை, கோவென்ட் கார்டன் சந்தையை ஒட்டி இருக்கும் சின்ன செயின்ட் பால்ஸ். சந்தையைப் பார்த்த தூண் முகப்பும் வெறும் தோற்றம்தான், அதில் இருப்பது பொய்க் கதவு. பெட்ஃபோர்டு தெருவுக்குச் சுற்றிப்போய் மேற்கு வாசலில் நுழையவேண்டும். தெற்குச் சுவரில் அஸ்தி வைத்த வெள்ளிப் பேழை.

அங்கிருந்து பொடிநடையில் லைசியம் தியேட்டர். ஊர் ஊராகப் போய் நடித்த பெற்றோருக்கு 1847இல் கோவென்ட்ரியில் பிறந்தவர் எலன். 1856லேயே, ஒன்பது வயதில், மேடை ஏறிவிட்டார். ஆனாலும் பெயர் நிலைத்தது லைசியத்தில், நடிகர் ஹென்றி இர்விங்கோடு நடித்த 1878 முதல் 1902 வரை. வெளித் தூண்கள் 1834இல் எழுந்தவை, அவர் பார்த்தவை. உள் அரங்கு 1904இல் புதிதாகக் கட்டியது. அவருக்காக என்று இங்கே நாடக டிக்கெட் வாங்கவேண்டாம். தெருவில் நின்று பார்த்தாலே போதும்.

மறுநாள் லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில், ஸ்மால்ஹைத்தில் இருக்கும் எலனின் வீடு. வரைபடத்தில் டென்டர்டன் டவுன் ஸ்டேஷனைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது பழைய நீராவி ரயிலைச் சுற்றுலாவுக்கு ஓட்டும் தனிப்பாதை. லண்டன் ரயில் அங்கே வராது. லண்டன் சேரிங் கிராஸ் ஸ்டேஷனில் ஏறி ஹெட்கார்ன், அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்து டென்டர்டன். அங்கிருந்து தெற்கே இரண்டு மைலில் ஸ்மால்ஹைத். வீடு எல்லா நாளும் திறந்திருக்காது. வீட்டைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் இணையதளத்தில் தேதி பார்த்துவிட்டே கிளம்பவும். இன்று வயல்வெளிதான், ஆனால் ஒருகாலத்தில் கப்பல் கட்டிய துறை. ஆறு தூர்ந்து கடல் விலகிப்போனது. துறைக்காரர் வீடாக இருந்த அந்த 16ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீட்டை எலன் 1899இல் வாங்கினார். 1928இல் அங்கேயே இறந்தார்.

இவ்வளவு தூரம் வருவது ஓர் உடைக்காக. ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் எலன் நடித்த லேடி மேக்பெத் வேடத்துக்கு 1888இல் தைத்தது. பச்சைக் கம்பளி நூலும் நீல ஜரிகை நூலும் சேர்த்துக் கொக்கியால் பின்னி, மேலே ஏறக்குறைய ஆயிரம் வண்டுச் சிறகுகள். தீப்பெட்டிக்குள் இலை போட்டு நாம் வளர்த்தோமே, அந்தப் பொன்வண்டு இனம்தான்! மேடை வெளிச்சத்தில் பாம்புச் செதில் மாதிரி மின்னவேண்டும் என்பது திட்டம். சிறகுகள் காய்ந்து நொறுங்கும். பின்னல் தன் கனத்திலேயே தொய்யும். அடிக்கடி மாட்டிக் கழற்றியதில் சேதம் இன்னும் அதிகம். உடைந்த சிறகுகளை ஜப்பானியத் தாளில் கோதுமைப் பசை தடவி, பின்பக்கம் தாங்கல் கொடுத்து ஒட்டினார்கள். 2011இல் முடிந்த அந்த வேலைக்கு 1,10,000 பவுண்டு ஆனது.

அதே உடையில் எலனை ஓவியர் சார்ஜென்ட் 1889இல் தீட்டிய படம் லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்துக்குச் சொந்தம். பிம்லிகோ ஸ்டேஷனில் இறங்கலாம். எப்போதும் சுவரில் இருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். அதில் கிரீடத்தைத் தலைக்குமேல் தூக்குகிறாரே, நாடகத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது.

வீட்டுப் பக்கத்துத் தானியக் கொட்டகையை 1929இல் நாடக அரங்காக்கியவர் மகள் ஈடித் கிரெய்க். அதையும் எட்டிப் பார்க்கவும்.

சினிமாவுக்கு எலன் வந்தது 1916இல், 69 வயதில், மௌனப் படம். குரல் வேண்டுமென்றால் 1911இல் பதிவான ஷேக்ஸ்பியர் இசைத்தட்டுகள்தான். இரைச்சல் அதிகம், ஹெட்ஃபோன் எடுத்துப்போகவும். ஹெட்கார்ன் போக ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் கேட்டு முடித்துவிடலாம்.