618 ஆம்பியர், புகை இல்லை

மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றின் வழியாக 618 ஆம்பியர் பாய்வதாகக் கணினித் திரை காட்டியது. ஆய்வகத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை. கருகிய வாடை இல்லை, "யாரப்பா அந்த மேசையில்?" என்று யாரும் ஓடி வரவுமில்லை. மின்தடை எதுவும் சேர்க்காமல் டயோடை நேரடியாக 1 வோல்ட்டில் இணையுங்கள் என்பதுதான் இந்த நாட்டில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பயிற்சியே. ஊரில் அப்படி இணைத்திருந்தால் செய்முறைத் தேர்வுக்கே உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

கணக்கு சரிதான். மின்சுற்றைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் வழிவந்த மென்பொருள்களில் நாம் எதையும் குறிப்பிடாவிட்டால், டயோடின் தெவிட்டு மின்னோட்டம் (எதிர்த்திசையில் கசியும் சிறு மின்னோட்டம்) ஒரு ஆம்பியரில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு, உள்மின்தடை சுழியம் என்று அவையே வைத்துக்கொள்ளும். மின்னழுத்தத்திலிருந்து டயோடின் மின்னோட்டத்தைத் தரும் ஷாக்லி சமன்பாட்டில் போட்டால் 0.7 வோல்ட்டுக்கு 5.7 மில்லி ஆம்பியர் வரும். 1 வோல்ட்டுக்கு 618 ஆம்பியர். பின்னோக்குச் சார்பில், அதாவது தலைகீழாக இணைத்து, 5000 வோல்ட் கொடுத்தாலும் அசையாது, ஏனென்றால் முறிவு மின்னழுத்தத்தை நாம்தான் சொல்ல வேண்டும். நிஜ 1என்4007 டயோடுக்கு 1000 வோல்ட்தான் எல்லை. திரையில் இருப்பதற்குச் சாவே கிடையாது.

எங்கள் பழைய ஆய்வகத்தில் ஒரு மேசைக்கு நான்கு பேர். ஒருவன் குமிழைத் திருகுவான், ஒருவன் மீட்டரைப் படிப்பான், ஒருவன் எழுதுவான், நான்காமவன் வாசலைப் பார்த்துக்கொள்வான். மில்லி அம்மீட்டரின் முள் 0.5 வோல்ட் வரை சோம்பிக் கிடக்கும். 0.6 தாண்டியதும் துள்ளும். வளைகோடு திடீரென நிமிரும் அந்த முழங்கால் பகுதியில்தான் அத்தனை சண்டையும்: "மெதுவாகத் திருகு", "கண்ணாடியில் முள்ளின் நிழல் மறையும்படி பார்த்துப் படி", "அண்ணா, இந்த மீட்டர் ஓடவில்லை". பத்துப் புள்ளிகள் தேறினால் அதிர்ஷ்டம். இங்கே 0 முதல் 1 வோல்ட் வரை 0.01 படியாக ஓட்டினால், இமைப்பதற்குள் 101 புள்ளிகள். சண்டை போட ஆளில்லை. ஆளுக்கொரு திரை, காதில் ஆளுக்கொரு பாட்டு.

பழகிவிட்டது என்றுதான் வீட்டாரிடம் சொல்லி வருகிறேன். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதைத் தவிர மற்றதெல்லாம் பழகித்தான் விட்டது.

அப்போதுதான் வெப்பநிலை கண்ணில் பட்டது. சன்னலுக்கு வெளியே சுழியத்துக்கும் கீழே. மென்பொருளுக்குள் 27 டிகிரி செல்சியஸ். அதன் இயல்பு வெப்பநிலையே அதுதான். 300 கெல்வினை ஒட்டிய வசதியான எண், வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனாலும், மூன்று அடுக்குச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, இந்தக் கட்டடத்தில் என்னைப் போலவே நினைக்கும் ஒரு பொருள் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. அங்கே மின்விசிறி தாளைப் பறக்கடிக்கும் என்று அதை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட அளவெடுத்த நாள்கள் வந்து நின்றன. வரைபடத் தாளில் பெருவிரல் ஈரம் ஒட்டியிருக்கும்.

அன்று கேட்ட பயிற்சியை விட்டுவிட்டு டயோடுக்குக் குளிர் காட்டத் தொடங்கினேன். சமன்பாட்டை மேலோட்டமாகப் பார்த்தால், வெப்பநிலை குறைய அடுக்கெண் பெருகி மின்னோட்டம் கூட வேண்டும். நடப்பது நேர்மாறு. தெவிட்டு மின்னோட்டமும் வெப்பநிலையோடு மாறுகிறது, அதுவும் அசுர வேகத்தில்: 27 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறக்கினால், சிலிக்கானுக்கான இயல்பு மதிப்புகளில் அது ஏறத்தாழ 90-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. வளைகோடு வலப்பக்கம் நகர்கிறது. அதே மின்னோட்டத்துக்கு டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் கூடுதலாகத் தர வேண்டும். 0, 27, 50 என்று மூன்று வளைகோடுகளை ஒன்றாக வரையவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பது டிகிரிக்காரன் எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிடுகிறான். குளிரில் இருப்பவன் 27 டிகிரிக்காரனைவிட 50 மில்லிவோல்ட் போல அதிகம் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறான். காலை எட்டு மணி வகுப்புக்குப் போகும் எனக்கு அவன்மேல் தனிப் பரிவு.

அடுத்த வாரம் மின்னோட்ட அச்சை மடக்கை அளவுக்கு, அதாவது ஒவ்வொரு படியும் பத்து மடங்காகும்படி, மாற்றச் சொன்னார்கள். வளைவு மறைந்து நேர்கோடு வந்தது: இலட்சிய டயோடில் மின்னோட்டம் பத்து மடங்காக 60 மில்லிவோல்ட். ஒரு சொடுக்கில் முடிந்த இந்த வேலைக்கு அங்கே அரைமடக்கைத் தாள் வாங்கி, பென்சிலைக் கூராக்கி, ஒரு மாலையையே கொடுப்போம். சாய்விலிருந்து டயோடின் பண்புகளைக் கண்டுபிடிக்கும் முறையை, உண்மையைச் சொன்னால், இங்கேதான் ஒழுங்காகக் கற்றேன். அங்கே 0.7 என்று எழுதினால் மதிப்பெண் போட்டுவிடுவார்கள்.

இருந்தும், அச்சடித்த தாளை எடுத்தவுடன் கை தானாக வலது மேல் மூலைக்குப் போகிறது. அளவுத்திட்டம்: எக்ஸ் அச்சு, 1 செ.மீ = 0.1 வோல்ட். எழுதாவிட்டால் போகும் இரண்டு மதிப்பெண்ணின் பயம் கடல் தாண்டியும் போகவில்லை. அச்சிலேயே எண்கள் இருக்கின்றனவே, இது எதற்கு என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். சொன்னேன், சிரித்தாள். பேராசிரியர் கேட்கவில்லை. திருத்திக் கொடுத்த தாளில், அந்த வரியின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளந்து, "0.94 செ.மீ" என்று எழுதியிருந்தார்.