சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால்: ஒரு துகள் விளையாட்டு நிரலின் வெப்பக் கணக்கு

மணல், நீர், நெருப்பு, அமிலம் என்று பொருள்களைத் திரையில் தூவி, அவை வினைபுரிவதை அப்போதே பார்க்கும் ‘விழும் மணல்’ வகை நிரல் ஒன்றை ஓய்வு நேரங்களில் ரஸ்ட் மொழியில் எழுதி வருகிறேன். இத்தகைய நிரல்களை எழுதுவோர் பெரும்பாலும் பொருள்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதிலேயே ஆர்வம் காட்டுகிறார்கள். எனக்கோ பத்துப் பொருள்கள் போதும். அவற்றின் வெப்பக் கணக்கு இடிக்கக் கூடாது. அதற்கான சோதனையாக, சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றி அதை நீற்றுச் சுண்ணாம்பாக்கும் நீற்றுதலை எடுத்துக்கொண்டேன்.

திரை 512-க்கு 256 கட்டங்கள் கொண்டது. ஒரு கட்டத்துக்கு 8 பைட் வீதம் மொத்தமே 1 மெகாபைட்தான் என்பதால், நொடிக்கு 60 சட்டகங்கள் காட்டுவதற்குக் கிடைக்கும் 16 மில்லி நொடி தாராளமாகப் போதுகிறது. துகள்களைக் கீழ்வரிசையிலிருந்து மேல்நோக்கி நகர்த்த வேண்டும்; மேலிருந்து தொடங்கினால் ஒரே மணல்துகள் வரிசைக்கு வரிசை மறுபடியும் கையில் சிக்கி, ஒரே சட்டகத்தில் தரைக்கு வந்துவிடும். இடம் வலம் செல்லும் திசையையும் சட்டகத்துக்குச் சட்டகம் மாற்றாவிட்டால், நீர் எப்போதும் ஒரு பக்கமே சாயும். இவை இத்துறையில் பழகியவர்கள் அறிந்தவையே.

நான் நேரம் செலவிட்டது வெப்பத்தில். கட்டத்தில் வெப்பநிலையைச் சேமித்து, 100 டிகிரியைத் தொட்டதும் நீரை ஆவியாக்குவது எளிய வழி. ஆனால் ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 293 ஜூல் போதும். அதே நீரை ஆவியாக்க 2,257 ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேலான அந்த உள்ளுறை வெப்பத்தை விட்டுவிட்டால், சட்டி நீர் முழுவதும் ஒரே கணத்தில் மறைந்து போகும். ஆகவே கட்டத்தில் வெப்பநிலைக்குப் பதிலாக வெப்ப ஆற்றலையே சேமித்து, நிறையையும் பொருளையும் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிட்டுக்கொள்கிறேன். ஆற்றல் ஏறிக்கொண்டே போனாலும் வெப்பநிலை 100-இல் நின்றுவிடும். கொதிநிலைக்கெனத் தனி விதி எழுத வேண்டியதில்லை. அண்டைக் கட்டங்களுக்கிடையே ஒன்று இழப்பதை மற்றது பெறும்படி இணை இணையாகப் பரிமாறுவதால், மொத்த ஆற்றலும் மாறுவதில்லை.

சுட்ட சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு) நீருடன் சேர்ந்து நீற்றுச் சுண்ணாம்பாக (கால்சியம் ஹைட்ராக்சைடு) மாறும்போது, ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குச் சுமார் 1,150 கிலோ ஜூல் வெப்பம் வெளிவரும். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஒரு கிலோ நீர் ஊற்றினால், வினைக்கு 320 கிராம் நீர் போகும். எஞ்சிய நீரையும் விளைந்த நீற்றுச் சுண்ணாம்பையும் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோ ஜூல் செலவாகும். மீதி வெப்பம் 370 கிராம் அளவுக்கு நீரை ஆவியாக்கும். அதாவது பாத்திரத்தில் 300 கிராமை ஒட்டி நீர் மிஞ்ச வேண்டும். திரையிலும் குவியலின் அடியில் நீர் மிஞ்சுகிறது.

கன அளவு இன்னும் அழகாக அமைந்தது. ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பு சுமார் 17 கன சென்டிமீட்டர், நீர் 18, விளையும் நீற்றுச் சுண்ணாம்பு 33. எனவே ஒரு கட்டம் சுண்ணாம்பும் ஒரு கட்டம் நீரும் சேர்ந்தால் இரண்டு கட்டம் நீற்றுச் சுண்ணாம்பு என்ற விதி, எந்தத் திருகுதாளமும் இன்றி இயற்கையோடு பொருந்திவிடுகிறது.

வினை நிகழும் வாய்ப்பை, வெப்பம் ஏற ஏற வினையின் வேகம் எப்படிக் கூடும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டின்படி வெப்பநிலையோடு சேர்த்து உயர்த்தியிருக்கிறேன். அதனால் நீர் பட்ட முதல் சில நொடிகள் குவியல் சும்மா கிடக்கிறது. பிறகு வெப்பம் வெளியேற வழியில்லாத நடுப்பகுதி முதலில் சூடேறி, அங்கிருந்து வெள்ளைத் திட்டு பரவி, கட்டிகள் பொலபொலவென உதிர்கின்றன.

ஆவியில் மட்டும் சமரசம் செய்துகொண்டேன். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். அதற்குத் திரையில் இடமேது? ஒரு நீர்க்கட்டத்தை 16 ஆவிக்கட்டங்களாகப் பிரிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். நிறை குறைந்த அக்கட்டங்கள் சிறிது வெப்பத்துக்கே எகிறிக் குதிப்பதால், இணையின் இரு வெப்பநிலைகளும் சமமாகும் அளவுக்கு மேல் ஒரு பரிமாற்றத்தில் ஆற்றல் நகராதபடி வரம்பு இட்டிருக்கிறேன்.

அடுத்ததாக, சுண்ணாம்பைச் சுட்டெடுக்கும் காளவாய். கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கி 900 டிகிரியை எட்டச் செய்து, கரியமில வாயு பிரிவதைக் காட்ட வேண்டும். அதற்குக் காற்றோட்டமும் அழுத்தமும் தேவை. இதே வகையைச் சேர்ந்த ‘தி பவுடர் டாய்’ நிரலில் இருப்பதுபோல், நான்குக்கு நான்கு பிக்சல்களை ஓர் அலகாகக் கொண்ட தனி அழுத்த வலையை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.