சொட்டு மருந்து கண்ணுக்குள் தங்க வேண்டும்

வலது கண்ணில் பாக்டீரியா தொற்று. டாக்டர் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். காலையில் எழுந்தால் மஞ்சளாகப் பீளை காய்ந்து இமை இரண்டும் ஒட்டிக்கிடக்கும், துடைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கட்டிவிடும், அதைப் பார்த்துத்தான் பாக்டீரியாவாக இருக்கும் என்றார். தண்ணீராக வடிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் வைரஸ், அரிப்புதான் பெரிய தொல்லை என்றால் அலர்ஜி, அந்த இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் சொட்டு உதவாது என்பதையும் சொன்னார்.

மருந்து வாங்குவது எளிது, அதைக் கண்ணுக்குள் சேர்ப்பதுதான் வேலை. நல்லவேளையாக அங்கிருந்த நர்ஸ் பொறுமையாகச் செய்து காட்டினார். கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் பீளையைத் துடைக்க வேண்டும், அடுத்த இழுப்புக்கு வேறு பஞ்சு. அப்புறம் தலையைச் சாய்த்து மேலே பார்த்தபடி கீழ் இமையை விரலால் லேசாக இழுத்தால் உள்ளே சின்னப் பை மாதிரி ஒரு இடம் தெரியும், சொட்டு விழ வேண்டியது அங்கேதான். கருவிழி மேல் நேராக விட்டால் கண் பட்டென்று மூடிக்கொள்ளும், மருந்து கன்னத்தில்தான் ஓடும். பாட்டிலின் முனை இமையிலோ முடியிலோ பட்டால் கிருமி முனையில் ஒட்டிக்கொள்ளும், அதனால் கொஞ்சம் உயரத்தில் பிடிப்பதே சரி.

ஒரு சொட்டு போதும். இரண்டு மூன்று விட்டால் சீக்கிரம் ஆறும் என்று தோன்றும், ஆனால் கண் தாங்குவதே ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர்தான், பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே அந்த அளவோ அதற்கு மேலோ இருக்கும், மிச்சமெல்லாம் வழிந்து வீண்.

விட்டதும் கண்ணைச் சிமிட்டாமல் மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழி அங்கே இருக்கிறது, அழுத்தாமல் விட்டால் மருந்தும் அந்த வழியே போய்த் தொண்டையில் கசக்கும். எனக்கு அந்தக் கசப்பே அடையாளமாகிவிட்டது, கசந்தால் சரியாக அழுத்தவில்லை என்று புரிந்துகொள்வேன். விட்ட கொஞ்ச நேரம் பார்வை மங்கும், அதற்குள் வண்டி எடுக்கக் கூடாது. வேறு சொட்டு மருந்தும் கொடுத்திருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும், களிம்பு இருந்தால் அதைக் கடைசியில்தான் போட வேண்டும்.

பீளை முதலில் குறைந்தது, சிவப்பு மெல்லத்தான் போனது. கண் தெளிந்ததும் பாட்டிலை ஓரமாக வைத்துவிடலாம் என்று கை சொல்லும், எழுதிக்கொடுத்த நாள் வரை போட்டு முடித்தேன். அதுவரை துண்டும் தலையணை உறையும் எனக்குத் தனி, கான்டாக்ட் லென்ஸ் அறவே இல்லை. மூடியைத் திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதி வைத்திருந்தேன், திறந்து நான்கு வாரம் ஆனால் பெரும்பாலான பாட்டில்களைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மிச்ச மருந்தைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டில் ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு கலந்த சொட்டுகளும் உண்டு, ஹெர்பிஸ் வைரஸ் தாக்கிய கண்ணில் அதை விட்டால் கருவிழியே புண்ணாகலாம். சிவந்த கண்ணில் கடுமையான வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் இதில் ஏதாவது வந்தாலோ, லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்தாலோ, அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.