சிபாப் மிஷின் பரணுக்குப் போகாமல் இருக்க

வெறும் குறட்டை வேறு, தூக்கத்தில் மூச்சு அடைபடுவது வேறு. இரண்டாவதற்குத்தான் சிபாப், அதாவது தொண்டை மூடாமலிருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மிஷின். குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சத்தமில்லாமல் போய், சற்றுப் பொறுத்துத் திணறி எழுந்து மறுபடி ஆரம்பித்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டை மூடிக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று போகவில்லை. 10 விநாடியாவது நின்றால் அது ஒரு அப்னியா. பாதி அடைபட்டு ஆக்சிஜன் இறங்கினால் ஹைபாப்னியா. இரண்டும் சேர்ந்து மணிக்கு எத்தனை முறை என்பதுதான் ரிப்போர்ட்டில் வரும் ஏ.ஹெச்.ஐ. 5க்குக் கீழே நார்மல், 5 முதல் 15க்குள் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30 ஆகிவிட்டால் தீவிரம்.

வீட்டில் எடுக்கும் தூக்க டெஸ்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலும் அதில் மூளை அலை பதிவாகாது. அதனால் தூங்கிய நேரத்தால் வகுக்காமல் பதிவு ஓடிய நேரத்தால் வகுக்கிறார்கள். 7 மணி நேரம் ஓடி, 4 மணி நேரமே தூங்கியவருக்கு 60 தடவை மூச்சு அடைபட்டிருந்தால் ரிப்போர்ட் 8.6 என்று சொல்லும். உண்மையில் அது 15. பகலெல்லாம் கண் சொருகுகிறது, மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை என்றால், 'லேசானது' என்ற ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல் லேபில் படுத்து எடுக்கும் முழு டெஸ்ட்டைக் கேளுங்கள். ஒல்லியானவருக்கு வராது என்றும் இல்லை. தாடை சிறிதாக இருந்தாலே போதும்.

சரி, மிஷின் வாங்கியாகிவிட்டது. பலர் அதை முதல் மாதத்திலேயே கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் மாஸ்க்கும் தண்ணீரும்தான்.

மாஸ்க்கை உட்கார்ந்தபடி மாட்டி இறுக்குவது முதல் தவறு. படுத்ததும் முகத்தசை சரியும், அளவு மாறும். மிஷினை ஓடவிட்டு, மல்லாந்து படுத்து, பிறகு ஒருக்களித்துப் பார்த்து வாரைச் சரிசெய்யுங்கள். லீக் ஆகிறதே என்று மேலும் இறுக்கினால் லீக் கூடும்; சிலிக்கான் விளிம்பு காற்றில் லேசாக உப்பினால்தான் முகத்தில் ஒட்டும். மூக்குத்தண்டில் காலையில் சிவப்புத் தடம் இருந்தால் இறுக்கம் அதிகம், அல்லது சைஸ் தப்பு. எண்ணெய்ப் பிசுக்கும் எதிரிதான். படுக்கும்முன் முகத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலையில் மாஸ்க் விளிம்பையும் மிதமான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெட்டால் வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். மிஷின் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரில் போர் தண்ணீர் ஊற்றினால் தொட்டியின் அடியில் வெள்ளையாக உப்பு படியும். கேன் தண்ணீரிலும் உப்பு உண்டு, மெதுவாகப் படியும். டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி. இன்வெர்ட்டருக்கு வாங்கி வைத்த பேட்டரி தண்ணீரை ஊற்றாதீர்கள், அது மூச்சில் போவதற்காகச் செய்ததல்ல. மிச்சத்தைத் தினமும் கொட்டிவிட வேண்டும்.

ஏசியை 20இல் வைத்துப் படுத்தால் நள்ளிரவில் குழாய்க்குள் களகளவென்று சத்தம் வரும், முகத்தில் தண்ணீர் தெறிக்கும். தொட்டியிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிறது. ஏசியை 25, 26க்கு ஏற்றுங்கள். ஈர அளவை ஒரு படி குறையுங்கள். குழாய்க்குத் துணி உறை போடுங்கள். மிஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். ஏசி இல்லாமல் ஃபேனில் தூங்குபவருக்குச் சென்னைக் காற்றின் ஈரமே பெரும்பாலான மாதங்களில் போதும், ஹியூமிடிஃபையரை அணைத்தே பார்க்கலாம் என்பது என் கருத்து. வாய் மட்டும் காய்ந்தால் குறை ஈரத்தில் இல்லை. வாய் திறந்து காற்று வெளியேறுகிறது. மூக்கடைப்பைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வாயையும் மூடும் முழு முக மாஸ்க்குக்கு மாறுங்கள்.

காற்றே போதவில்லை என்று பிடுங்கி எறிபவர்கள் அழுத்த அமைப்பைப் பார்க்கும்படி டாக்டரிடம் சொல்லட்டும். அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ மிஷினைக் கம்பெனி அமைப்பான 4 முதல் 20 வரை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். 4 என்பது பலருக்கு மூச்சு முட்டும் அளவு. கீழ் எல்லையை டாக்டர் ஏற்றித் தந்தால் அந்தத் தவிப்பு பெரும்பாலும் அடங்கும். மிஷின் காட்டும் ஏ.ஹெச்.ஐ. 5க்குக் கீழே நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

கரண்ட் போனால் பயம் வேண்டாம். முழு முக மாஸ்க்கில் தானே திறக்கும் வால்வு இருக்கிறது. இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், ஹியூமிடிஃபையரை அணைத்துவிடுங்கள். கரண்டைப் பெரிதும் குடிப்பது அந்தச் சூடுதான். ஃபில்டரை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். போகிப் புகைக்குப் பிறகு மாதக் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

பழைய மிஷின் வாங்குபவர்களுக்கு ஒன்று: சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரை சிதைவதால் 2021 ஜூனில் பிலிப்ஸ் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. காசு கொடுக்கும்முன் சீரியல் நம்பரைச் சரிபாருங்கள்.