சென்னை வேர்வைக்கு எத்தனை குர்தா வேண்டும்: ஒரு வருடம் செய்து பார்த்தது

போன ஏப்ரல் கடைசியில் பீரோவில் இருந்த துணி எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி எண்ணினேன். புடவை, குர்தா, பேன்ட், துப்பட்டா என்று 97 உருப்படி. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்கும்வரை உடம்பை உறுத்தாதவை அதில் பத்துகூடத் தேறவில்லை. ஒன்றோடொன்று சேரும் துணிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடும் கேப்சூல் வார்ட்ரோப் முறையை நானும் செய்து பார்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் கோர்ட்னி கார்வர் 2010-இல் தொடங்கிய ப்ராஜெக்ட் 333-இன் கணக்கில் ஆரம்பித்தேன். மூன்று மாதத்துக்கு 33 உருப்படி. செருப்பும் நகையும்கூட அதில் அடக்கம். மே 4 கத்திரி பிறந்தது. இரண்டே வாரத்தில் உடுத்தத் துணி இல்லாமல் போனது. குளிர் ஊரில் ஒரு பேன்ட்டை மூன்று நாள் போடலாம், ஸ்வெட்டரை அதற்கு மேலும் போடலாம். இங்கே ஒருமுறை வெளியே போய் வந்த குர்தா நேராக வாளிக்குத்தான். அதனால் எண்ணிக்கையைத் துவைக்கும் நாளிலிருந்து போட்டேன். வாரம் இரண்டு துவையல். இரண்டு துவையலுக்கு நடுவே நான்கு நாள், கொடியில் அதே அளவு ஒரு செட், கையிருப்பில் ஒன்றிரண்டு. மேலே போட 9, கீழே போட 5 என்று வந்தது. மே, ஜூன் முழுவதும் இந்தக் கணக்கு தவறவில்லை.

அடுத்தது துணி. பழைய துணிகளில் கைக்குட்டை அளவு வெட்டி, நனைத்துப் பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால் காய்ந்தது பாலியஸ்டர் ஜார்ஜெட். ஆனால் அதையே போட்டுக்கொண்டு ரயிலில் நின்றால் வேர்வை துணியில் ஊறாமல் முதுகில் வழிகிறது. மல்மல் என்கிற மெல்லிய பருத்தித் துணி சீக்கிரம் காய்ந்தது, உடம்பிலும் இதமாக இருந்தது. தடித்த கதர் கடைசி.

துணி மெல்லியதாக இருந்தால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உடம்பைப் பிடிக்கும் மல்மல் குர்தாவைவிடத் தொளதொளவென்ற கைத்தறி குர்தா குளுமையாக இருந்தது. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை லேசில் ஆவியாகாது. துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டால்தான் கொஞ்சமாவது காயும். அதனால் பழைய அளவு குர்தாவை டெய்லரிடம் கொடுத்து, அக்குளிலும் மார்பிலும் ஓர் அங்குலம் கூட்டி, பக்கத் திறப்பை இடுப்புவரை ஏற்றச் சொன்னேன். லைனிங் கேட்டதற்கு அவர் தடுத்துவிட்டார். “லைனிங் வேணாம்மா. ரெண்டு துணி ஒட்டிக்கிட்டா காயவே காயாது. தனியா ஒரு ஸ்லிப் போட்டுக்கங்க.” இந்த வருடம் கேட்ட ஆலோசனையிலேயே சிறந்தது இது. ஸ்லிப்பை மட்டும் தினம் அலசிவிடலாம்.

நிறம் தேர்ந்ததில் இரண்டு பாடம். சாம்பல் நிறம் வேர்வையை அப்படியே காட்டிக் கொடுக்கிறது. பளிச்சென்ற வெள்ளை எங்கள் போர்த் தண்ணீரில் மூன்று மாதத்தில் மஞ்சளாகிறது. கருநீலத்தையும், வெளுக்காத பருத்தியின் கோரா நிறத்தையும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, மேலுக்கு அரக்கும் கட்டம் போட்ட துணியும் சேர்த்தேன். இந்த ஊரின் பழைய பெயராலேயே வெளிநாட்டில் மதராஸ் என்று விற்ற கட்டத் துணிக்கு என் பீரோவில் இடம் இல்லாமல் இருந்தது எனக்கே வருத்தம். இப்போது இரண்டு இருக்கிறது. ஆபீஸ் ஏ.சி.க்கு பிளேஸர் எதற்கு, ஒரு கைத்தறித் துப்பட்டா போதும். ரயிலில் மடித்துப் பையில் போகும், இருக்கையில் தோளுக்கு வரும்.

புடவையில் எனக்கு வேலையே இருக்கவில்லை. அம்மா முப்பது வருடமாக இதைத்தான் செய்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. கறுப்பு, அரக்கு, கலம்காரி என்று மூன்று ரவிக்கை. அவற்றுக்குச் சேரும் பருத்திப் புடவையாகவே வாங்குவார். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் புடவைக்கு அளவு மாறாது, ரவிக்கையில் உள்தையலைப் பிரித்தால் போதும். நானும் ஆறு புடவை, மூன்று ரவிக்கை என்று நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபரில் கணக்கு சரிந்தது. சென்னைக்கு வருட மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. நவம்பரில் வீட்டுக்குள் கட்டிய கொடியில் பேன்ட் காய மூன்று நாள் ஆனது, ஜீன்ஸுக்கு அதுவும் போதவில்லை, வாடை வந்துவிட்டது. தரையைத் தொடும் அகலக் கால் பேன்ட்டான பலாஸோ போட்டுப் போன அன்று சப்வே தண்ணீர் முழங்கால்வரை ஏறியது. பலாஸோ மூன்றையும் கொடுத்துவிட்டு, கணுக்காலுக்கு மேலே நிற்கும் மெல்லிய காட்டன் பேன்ட் மூன்று தைத்தேன். மழைக்காலத்துக்கு மட்டும் மேலே 12, கீழே 7 என்று உயர்த்தினேன். அந்தக் கூடுதல் உருப்படிகள் ஜனவரியில் பெட்டிக்குள் போய்விடும், அக்டோபரில் வெளியே வரும்.

இப்போது எல்லாம் சேர்த்து 44. ஒரு ஜீன்ஸ் மட்டும் மார்கழிக்கென்று இருக்கிறது. காலையில் எதைப் போடுவது என்று நின்று யோசிப்பது நின்றே போனது. எந்தக் குர்தாவை எடுத்தாலும் ஐந்து பேன்ட்டில் குறைந்தது நாலு சேர்கிறது. விசேஷத்துக்குப் போக மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. பட்டு, மே மாத முகூர்த்தத்தில் தாங்க முடிகிறதில்லை.

அதற்காகத்தான் போன வாரம் எழும்பூர் கோ-ஆப்டெக்ஸுக்குப் போய் ஒரு சுங்குடிப் புடவை எடுத்தேன். அரக்கில் வெள்ளைப் புள்ளி, மெல்லிய ஜரிகைக் கரை. கறுப்பு ரவிக்கைக்கும் சேர்கிறது, கலம்காரிக்கும் சேர்கிறது. சாயம் இறங்குமோ என்று கல்லுப்புத் தண்ணீரில் தனியாக ஊறப்போட்டிருக்கிறேன். வைகாசியில் சித்தி மகள் கல்யாணத்துக்கு இதைத்தான் கட்டிக்கொண்டு போகிறேன்.