தெரபிஸ்ட் மேல லவ் வந்துடுச்சு, அப்புறம்?

அப்பா போனப்புறம் தூக்கமே இல்ல, ஆபீஸ்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்துட்டு இருந்தேன், அதான் அண்ணா நகர்ல ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போக ஆரம்பிச்சேன் (மாத்திரை எழுத மாட்டாங்க, பேச்சு மட்டும் தான்). மேடம்னு கூப்பிடுவேன். கொஞ்ச மாசத்துல சனிக்கிழமை எப்படா வரும்னு ஆயிடுச்சு. சட்டைய அயர்ன் பண்ணி சென்ட் அடிச்சுட்டு மெட்ரோ ஏறுறத பாத்து அம்மா "யாருடா அந்தப் பொண்ணு"ன்னே கேட்டுட்டாங்க.

வேற யார் மேலயோ இருக்கற பழைய உணர்வு தெரபிஸ்ட் மேல திரும்புறதுக்கு ட்ரான்ஸ்ஃபரன்ஸ்னு பேரு, சைக்கோஅனாலிசிஸ ஆரம்பிச்சு வச்ச ஃப்ராய்டு 1915லயே இதப்பத்தி தனியா கட்டுரை எழுதிருக்காருன்னு நடுராத்திரி கூகுள் பண்ணி தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சு என்ன, துளிகூட குறையல.

சொல்லாம மறைச்சா அவங்க முன்னாடி நல்ல பையன் வேஷம் தான் போட்டுட்டு இருப்பேன், அதுக்கு எதுக்கு ஃபீஸ் கட்டணும்? ஒரு செஷன் முடியப்போற நேரத்துல தரைய பாத்துக்கிட்டே சொல்லிட்டேன். சிரிக்கல, முகம் மாறல. "சொன்னது நல்லதுங்க, பல பேருக்கு வர்றது தான். ஆனா நமக்குள்ள இந்த ரூம்ல நடக்கிற வேலை மட்டும் தான், அது மாறாது. அடுத்த வாரம் இதையே பேசலாமா?"ன்னாங்க. வேற ஆள்கிட்ட போகணும்னாலும் ரெஃபர் பண்றேன்னாங்க. அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு இருக்கே.

அடுத்த வாரம் "என்கிட்ட எது பிடிச்சிருக்கு"ன்னு கேட்டாங்க. யோசிச்சு யோசிச்சு சொன்னா, நான் பேசும்போது ஃபோன பாக்க மாட்டீங்க, என் மேனேஜர் பேரு ஞாபகம் வச்சிருக்கீங்க, தூங்குனியான்னு கேக்குறீங்க, இவ்ளோ தான் வருது. அவங்களப்பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு அப்ப தான் உறைச்சுது. கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டேன், பதில் சொல்லாம "தெரிஞ்சா என்ன மாறும்"னு திருப்பி கேட்டாங்க, செம கோவம். அந்தக் கோவத்துல தான் எல்லாம் கொட்டுச்சு: கொள்ளி வச்சதுல இருந்து 16ஆம் நாள் காரியம் வரைக்கும் நான் தான் ஓடுனேன், வந்தவங்க எல்லாரும் "அம்மாவ பாத்துக்கப்பா"ன்னு சொன்னாங்களே தவிர, நீ எப்படிடா இருக்கன்னு ஒருத்தர் கேக்கல.

ஒண்ணு சொல்லிடறேன், தெரபிஸ்ட் "எனக்கும் அப்படித்தான்"னு சொன்னாலோ வெளிய காபிக்கு கூப்பிட்டாலோ கிளம்பிடுங்க. அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன் விதிப்படி தெரபி முடிஞ்சு குறைஞ்சது 2 வருஷத்துக்கு கிளையன்ட்கூட உடலுறவே கூடாது, தெரபி நடக்கும்போது பத்தி கேக்கவே வேணாம்.

க்ரஷ் இப்பவும் அப்பப்ப எட்டிப் பாக்கும், அதையும் அங்கயே சொல்லிடுவேன். வீட்ல அம்மாகிட்ட அப்பாவப்பத்தி பேச ஆரம்பிச்சிருக்கேன், பாதி நாள் எந்த ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருக்கணும்ங்கிற சண்டைல தான் முடியுது.